கோழி நொண்டுகிறதா? பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

தீனி போட்டதும் எல்லாக் கோழிகளும் ஓடிவரும், ஒன்று மட்டும் காலைத் தாங்கித் தாங்கிக் கடைசியாக வரும். கம்பில் ஏறிய கோழி இறங்கத் தயங்கும். நின்ற இடத்தில் ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. "தானாகச் சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறோம். இல்லையென்றால், உள்ளங்காலில் ஏதோ கறுப்பாகத் தெரிகிறதே என்று பிளேடைக் கையில் எடுத்துவிடுகிறோம். இரண்டிலும் அவதிப்படுவது கோழிதான். விட்டுவிட்டால் தொற்று எலும்பு வரை இறங்கலாம். அவசரப்பட்டுக் கீறினால், மேலாக இருந்த தொற்றை நாமே உள்ளே தள்ளிவிடுவோம்.

நொண்டுவது ஒரு நோயின் பெயர் இல்லை. ஆணிப்புண், செதில் பூச்சி, விரலில் சுற்றிய நூல், மூட்டுத் தொற்று, நரம்பு நோய் என்று பத்து காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்கு உதவாது. அதனால் மருந்தைத் தேடுவதற்கு முன் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது என்ன தெரிகிறதோ, அதன்படி கீழே பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் கோழிக்குப் பொருந்தும் பகுதியிலிருந்து படிக்கலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பிடிப்பதும் பார்ப்பதும்

இருட்டிய பிறகு கோழி கம்பில் அமர்ந்திருக்கும்போது எடுங்கள். துரத்த வேண்டியிருக்காது, கோழியும் மிரளாது. ஒரு துண்டால் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி, தலையையும் லேசாக மூடினால் அடங்கிவிடும். ஆனால் நெஞ்சை அழுத்திப் பிடிக்காதீர்கள். நமக்கு இருப்பதுபோல் கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் மூச்சுத் திணறிச் செத்துப்போகவும் கூடும். மல்லாக்கப் படுக்க வைத்து நெடுநேரம் வேலை பார்ப்பதும் கூடாது, கனமான கோழிக்கு அது இன்னும் ஆபத்து.

கையுறை கட்டாயம். கோழிப் பாதத்தில் சீழ் பிடிக்க வைக்கும் முக்கியக் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். உங்கள் விரலில் ஒரு சின்ன வெட்டு இருந்தாலும் அங்கேயும் அது புண்ணாக்கும். சமையலறைத் தொட்டியில் வைத்துக் கோழியின் காலைக் கழுவக் கூடாது என்பதும் இதனால்தான்.

முதலில் இளஞ்சூடான தண்ணீரில் சேறும் எச்சமும் போகக் கழுவுங்கள். காய்ந்த எச்சம் பார்வைக்குப் பொருக்கு போலவே இருக்கும். கழுவிப் பார்க்காமலே பயந்தவர்கள் உண்டு, கழுவிய பிறகு உண்மையான பொருக்கு வெளிப்பட்டதும் உண்டு. அப்புறம் நல்ல வெளிச்சத்தில் இந்த வரிசையில் பாருங்கள்: உள்ளங்காலின் நடுமேடு, ஒவ்வொரு விரலின் அடிப்பக்கம், விரல் இடுக்கு, நகம், காலின் செதில், பின்னால் மடங்கும் மூட்டு. எல்லாவற்றையும் மற்ற காலோடு ஒப்பிடுங்கள். சூட்டையும் வீக்கத்தையும் தனியாகப் பார்த்து முடிவு செய்ய முடியாது, இன்னொரு கால்தான் அளவுகோல்.

உள்ளங்கால் சிவந்து மொழுமொழுவென்று இருக்கிறது, புண் இல்லை

நல்ல பாதத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்களாகச் செதில் தெரியும், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அது தேய்ந்து பளபளப்பாகி, இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிருமி இன்னும் உள்ளே போகவில்லை. மருந்தே தேவைப்படாத நிலை இது. அமரும் கம்பையும் தரையையும் மாற்றினால் போதும், அதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன். தோல் வறண்டு வெடித்திருந்தால் இரவில் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். இந்த நிலையில் கண்டுபிடிப்பவர்களுக்குக் கீழே உள்ள எதுவும் தேவைப்படாமல் போகலாம்.

உள்ளங்காலில் கறுப்பாகவோ பழுப்பாகவோ வட்டமான பொருக்கு இருக்கிறது

இதுதான் ஆணிப்புண், பம்பிள்ஃபுட் என்று எல்லோரும் சொல்வது. சிராய், முள், கண்ணாடித் துண்டு, உயரத்திலிருந்து குதித்ததில் நசுங்கிய தோல் என ஏதோ ஒரு வழியாகக் கிருமி உள்ளே போயிருக்கும். மேலே பொருக்கு மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் சேரும்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் சிகிச்சை முடிந்த மாதிரி. நம் உடம்பில் சீழ் இளகி, தண்ணீர் போல் வழியும். கோழிக்கு அப்படி ஆகாது. கோழியின் வெள்ளை அணுக்களில் மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி இல்லை, அதனால் சீழ் இளகாமல் பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். மஞ்சள் கலந்த வெள்ளையில் கெட்டியான உருண்டையாக, சில சமயம் நார் நாராக, சுற்றியுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். பிதுக்கினால் வராது. ஊசியால் குத்தினாலும் வராது. பிதுக்கும் அழுத்தத்தில் பாதத்துக்குள் இருக்கும் தசைநார் உறைகளின் வழியாகக் கிருமி மேலே ஏறும். நானும் முதல் முறை கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தவன்தான். ஒன்றும் வெளியே வரவில்லை, மறுநாள் வீக்கம் இரண்டு மடங்காகி இருந்தது. அந்தக் கோழி கால் ஊன்ற ஒன்றரை மாதம் ஆயிற்று. பிதுக்காமல் இருந்திருந்தால் இரண்டு வாரத்தில் ஆறியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

சரி, என்ன செய்வது? ஊற வைப்பதுதான் வழி. பொருக்கு சிறியதாக இருந்து, வீக்கம் அடிப்பக்கத்தோடு நின்று, கோழி நன்றாகத் தின்றுகொண்டிருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட், சமையல் உப்பு இல்லை). முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூடு. பாதம் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, கோழியை 15 முதல் 20 நிமிடம் நிற்க வையுங்கள். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். கோழி அதைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எப்சம் உப்பு பேதியாக்கும். எப்சம் உப்பு கிடைக்கவில்லையே என்று வேலையை நிறுத்த வேண்டாம். பொருக்கை இளக்குவது பெரும்பாலும் வெதுவெதுப்பான தண்ணீரும் நேரமும்தான்.

ஊறிய பிறகு பாதத்தை ஒற்றித் துடைத்துவிட்டு, பொருக்கின் ஓரத்தை நனைந்த துணியால் மெல்லத் தேயுங்கள். இளகி எழும்பினால் எடுக்கலாம். எழும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், நாளைக்கு வரும். ரத்தம் வர ஆரம்பித்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்த வேண்டும். பொருக்கு வரும்போதே அதன் அடியில் கூம்பு போல ஒரு கெட்டிச் சீழ் ஒட்டிக்கொண்டு வந்தால் நல்லது, ஆணியின் வேர் என்று சொல்வது அதைத்தான். தானாக வருவதை எடுக்கலாம், வராததைத் தோண்டக் கூடாது. பிளேடால் வட்டமாக வெட்டி வேரை எடுக்கும் முறையைப் பலர் வீட்டில் செய்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மரக்க வைக்காமல் உள்ளங்காலை அறுப்பது கொடிய வலி. கோழி சத்தம் போடாமல் இருப்பதை வைத்து வலியில்லை என்று எண்ணிவிடக் கூடாது, மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி வலியை மறைக்கும். தசைநார் எங்கே ஓடுகிறது என்று தெரியாத கையில் கத்தி இருந்தால், விரல் நிரந்தரமாக மடங்காமலே போகலாம்.

பொருக்கு வந்த குழியைப் பொவிடோன் அயோடின் கரைசலால் கழுவுங்கள். 10 சதவீத மருந்தாக இருந்தால் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பால் கலக்காத இளந்தேநீர் நிறத்துக்கு வரும். அதைவிடக் கெட்டியாக ஊற்றினால் புதிதாக முளைக்கும் திசுவும் சேர்ந்து சாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் சுத்தமாவது போல் தோன்றும், ஆனால் தினமும் ஊற்றினால் புண் ஆறவே ஆறாது. கழுவிய இடம் உலர்ந்ததும் மெல்லிய பூச்சாகக் கிருமிநாசினிக் களிம்பு. களிம்புக் குழாயில் உள்ள சேர்மானங்களை ஒரு முறை வாசியுங்கள். பென்சோகெய்ன், லிடோகெய்ன் போல 'கெய்ன்' என்று முடியும் மரத்துப்போகும் மருந்து இருந்தால் வேண்டாம், பறவைகளுக்குச் சிறிய அளவே நஞ்சாகலாம். ஸ்டீராய்டு கலந்ததும் வேண்டாம், கிருமியை எதிர்க்கும் சக்தியையே அது அடக்கிவிடும்.

பிறகு கட்டு. ஒட்டாத காஸ் துணியை மடித்துப் புண்மேல் வைத்து, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் கட்டுப்பட்டையை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். உள்ளங்காலில் தொடங்கி, ஒரு விரல் இடுக்கு வழியாக மேலே, காலைச் சுற்றி, அடுத்த இடுக்கு வழியாகக் கீழே என்று 8 வடிவத்தில் சுற்ற வேண்டும். பட்டையை இழுத்துச் சுற்றினால் பிறகு இன்னும் இறுகும், அதனால் தளர்வாக விரித்துச் சுற்றுங்கள். முடிந்து அரை மணி நேரம் கழித்து விரல் நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். வீங்கியோ குளிர்ந்தோ நிறம் மாறியோ இருந்தால் உடனே அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். சிவப்புப் பட்டையைத் தவிர்ப்பது நல்லது, மற்ற கோழிகள் அதைக் கொத்திக்கொண்டே இருக்கும்.

கோழியைத் தனியே, காய்ந்த மெத்தென்ற படுக்கையில், ஏறிக் குதிக்க எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். மற்ற கோழிகள் கண்ணில் படும்படி இருந்தால் நல்லது, முழுத் தனிமையில் சில கோழிகள் தீனியை விட்டுவிடும். முதல் சில நாட்களுக்குத் தினமும் கட்டை மாற்றி ஊற வைக்க வேண்டும். புண் காய்ந்து உள்ளிருந்து இளஞ்சிவப்புச் சதை வளரத் தொடங்கியதும் ஊற வைப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு நாளைக்கு ஒரு முறை கட்டு மாற்றினால் போதும். நனைந்த கட்டும் எச்சம் பட்ட கட்டும் எத்தனை நாளானது என்று பார்க்காமல் அப்போதே மாற்ற வேண்டியவை. சின்னப் புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். ஐந்து நாள் ஒழுங்காகச் செய்தும் வீக்கம் குறையவில்லை என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

வீக்கம் பாதத்தின் மேற்பக்கமும் தெரிகிறது, அல்லது விரல் இடுக்கில் உருண்டை தள்ளுகிறது

இதை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடிப்பக்கப் புண் மேற்பக்கத்தில் வீக்கமாகத் தெரிகிறது என்றால், தொற்று பாதத்தை ஊடுருவி வந்திருக்கிறது. தசைநார் உறையோ விரல் எலும்போ பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். காலை ஊன்றவே மாட்டேன் என்பது, பாதம் சூடாக இருப்பது, கோழி தீனியை விட்டு ஒடுங்கி உட்காருவது, கெட்ட வாடை வருவது, புண்ணில் புழு தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அவர் எக்ஸ்ரே எடுத்து எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பார், சீழைச் சோதித்து எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று கண்டுபிடிப்பார், மரக்க வைத்து வேரை எடுப்பார், வலி மருந்து கொடுப்பார். எலும்புக்குப் போன தொற்று ஆறுவது கடினம். எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கால் தப்பும்.

வீட்டில் மிச்சம் இருக்கும் மனிதர்களின் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கெட்டிச் சீழின் நடுவே ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே எட்டாது. அரைகுறை அளவில் கொடுத்தால் கிருமிதான் பழகிக்கொள்ளும். முட்டையிலும் இறைச்சியிலும் மருந்து இறங்கும் என்பதும் உண்டு. சில மருந்துகள் உணவுக்காக வளர்க்கும் பறவைகளுக்குப் பல நாடுகளில் தடை செய்யப்பட்டவை. மருத்துவர் எழுதிக்கொடுக்கும்போதே, எத்தனை நாளுக்கு முட்டையை எடுக்கக் கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றல்ல, பல கோழிகளுக்கு இரண்டு பாதங்களிலும் பழுப்புப் புண்

ஒரு கோழிக்கு ஒரு பாதத்தில் வந்தால் முள்ளையும் சிராயையும் தேடலாம். பல கோழிகளுக்கு இரண்டு பாதத்திலும் வந்தால் தரையைச் சந்தேகப்படுங்கள். ஈரமான கூளத்தில் எச்சம் சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் தோல் ஊறி மிருதுவாகி வெடிக்கிறது. தோல் வெடித்த இடத்தில் கிருமி புகும்.

ஒரு கைப்பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாகப் பிடித்து உடனே உதிர்ந்தால் சரி. அப்புறம் கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். நாம் நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, கீழே மூக்கும் கண்ணும் எரியும். அப்படி எரிந்தால் அன்றே கட்டிகட்டியான கூளத்தை அள்ளிப் போட்டுவிட்டுக் காய்ந்ததை நிரப்ப வேண்டும். ஈரம் பெரும்பாலும் தண்ணீர்க் கலத்தைச் சுற்றித்தான் தொடங்கும். கலத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்கு உயர்த்தினால் சிந்துவது குறையும். தரை காய்ந்துவிட்டாலே லேசான புண்கள் பல தாமாக ஆறிவிடும்.

காலில் செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு படிந்தது போல் இருக்கிறது

இது செதில்கால் பூச்சி. நெமிடோகாப்டஸ் மியூட்டன்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத உண்ணி செதிலுக்கு அடியில் குடைந்து வாழும். அதன் கழிவும் தோலின் பொடியும் சேர்ந்து செதிலை மேலே தள்ளும். பெரும்பாலும் வயதான கோழிகளில் தொடங்கி, பக்கத்தில் பக்கத்தில் அமர்வதால் மெல்லப் பரவும். வலியும் அரிப்பும் இருக்கும், முற்றினால் விரல் கூடக் கோணிப்போகும்.

உண்ணியை மூச்சுமுட்ட வைத்துக் கொல்வதுதான் வீட்டு வைத்தியம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் செதில் வளர்ந்த திசையில் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். முட்டியிலிருந்து விரல் வரை பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை, குறைந்தது மூன்று நான்கு வாரம். புதிதாக உண்டாகும் உண்ணிகளையும் பிடிக்க வேண்டும் என்பதால்தான் இந்த நீளம். ஒரு கோழிக்கு வந்தாலும் கூட்டில் உள்ள எல்லாவற்றுக்கும் பூச வேண்டும், அமரும் கம்புகளையும் சுரண்டிக் கழுவ வேண்டும். தூக்கிய செதிலைப் பிய்க்காதீர்கள், அடியில் பச்சைப் புண் இருக்கும். மண்ணெண்ணெய், டீசல் தடவுவது தோலைச் சுட்டுவிடும், வேண்டாம். உண்ணி செத்த பிறகும் கால் அசிங்கமாகவே இருக்கும், புதுச் செதில் முளைத்துப் பழைய உருவம் வர மாதக்கணக்கில் ஆகும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

ஒரே ஒரு விரல் வீங்கிக் கறுத்திருக்கிறது

விரலின் அடிப்பக்கத்தில் நூல், தலைமுடி, சாக்கு இழை ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். வீக்கத்தின் மடிப்புக்குள் அது புதைந்துபோயிருக்கும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஊற வைத்து, நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். எல்லாச் சுற்றும் வந்துவிட்டதா என்று மறுநாளும் பாருங்கள். விரல் முழுக்கக் கறுத்துக் காய்ந்து உணர்ச்சியற்றுப் போயிருந்தால் அது இறந்த விரல், தானாக உதிர விடலாம். ஈரமாக, வாடையோடு கறுத்திருந்தால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். உறைபனிக் குளிர் உள்ள இடங்களில் விரல் நுனிகள் பனியாலும் இப்படிக் கறுக்கும். அப்போது தேய்க்கவோ சுடுதண்ணீரில் போடவோ கூடாது.

நகம் உடைந்து ரத்தம் வந்தால் சுத்தத் துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்து, சோளமாவு வைத்தால் நின்றுவிடும்.

பாதம் நன்றாக இருக்கிறது, மூட்டு வீங்கியிருக்கிறது

காலின் பின்பக்கம் மடங்கும் மூட்டு சூடாக, குழைவாக வீங்கியிருந்தால் களிம்பாலும் ஊறலாலும் பயனில்லை. ஒரே காலில், அதே காலின் பாதத்தில் பழைய புண்ணும் இருந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் மேலே ஏறியிருக்கலாம். பல கோழிகளுக்கு மூட்டும் உள்ளங்காலும் சேர்ந்து வீங்கி, கொண்டை வெளிறி, எடை குறைந்தால் மைக்கோபிளாஸ்மா சைனோவியே என்ற தொற்றாக இருக்கலாம். அது மூச்சு வழியாகவும் முட்டை வழியாகவும் பரவும், ஆறிய கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும். அதனால் புதுக் கோழி எதையும் உள்ளே சேர்க்காமல், பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். விரல் மூட்டுகளில் தோலுக்கு அடியே வெள்ளை வெள்ளையாகக் கெட்டி முடிச்சு தெரிந்தால் அது சீழ் இல்லை, யூரிக் அமிலம் படிந்த கீல்வாதம். சிறுநீரகம் பழுதான கோழி அது. அந்த முடிச்சைக் கீறவே கூடாது.

எல்லாமே சுத்தமாக இருக்கிறது, ஆனாலும் நடக்கவில்லை

இளங்கோழி ஒரு காலை முன்னேயும் ஒரு காலைப் பின்னேயும் நீட்டிக் கிடந்தால் மாரெக்ஸ் நோயாக இருக்கலாம். காலுக்குப் போகும் நரம்பை வைரஸ் தாக்குகிறது, சிகிச்சை இல்லை, பொரித்த முதல் நாளில் போடும் தடுப்பூசிதான் காப்பு. முட்டையிடும் கோழி திடீரென்று நடக்க முடியாமல் பென்குயின் போல நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சுகளின் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, மூட்டை ஊன்றி நடந்தால் ரிபோஃப்ளேவின் என்ற பி2 குறைவு. உடனே வைட்டமின் கொடுத்தால் மீளும், நாளாகிவிட்டால் நரம்பு சேதம் நிலைத்துவிடும்.

செதிலுக்கு அடியில் ஊதாச் சிவப்பாக ரத்தம் கட்டி, கொண்டை நீலித்து, முகம் வீங்கி, கோழிகள் அடுத்தடுத்துச் சாகின்றன என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள், மிச்சக் கோழிகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

புண் ஆறியது, ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிட்டது

நமக்கு மிகவும் மனச்சோர்வு தருவது இதுதான். வாரக்கணக்கில் கட்டுக் கட்டி ஆற வைத்த பாதம், அதே கம்பில் ஏறி, அதே தரையில் குதித்தால் மறுபடி வெடிக்கத்தான் செய்யும்.

கம்பைக் கையால் தடவிப் பாருங்கள். கூர் விளிம்பு, சிராய், ஆணி முனை எதுவும் தட்டுப்படக் கூடாது. அகலம் 4 முதல் 5 சென்டிமீட்டர், விளிம்புகள் உருட்டியதாக. மெல்லிய குழாயோ கம்பியோ ஆனால் இரவு முழுக்க முழு எடையும் உள்ளங்காலின் ஒரே கோட்டில் இறங்கும். உயரம் கனமான இனங்களுக்கு அரை மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இடையில் ஒரு படி வையுங்கள், ஏறுவதற்கு இல்லையென்றாலும் இறங்குவதற்கு. கோழி எந்த இடத்தில் குதித்து விழுகிறதோ அங்கே கூளம் ஒரு சாண் தடிமனில் இருக்கட்டும். சிமென்ட் தரையில் மூன்று கிலோக் கோழி தினமும் காலையில் குதிப்பதை நினைத்துப் பாருங்கள்.

கோழியின் நெஞ்செலும்பைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் சதை பொங்கி எலும்பே கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் எடை கூடிவிட்டது. தானியத்தைக் கூடுதலாக அள்ளி வீசுவதைக் குறைத்து, சமச்சீர்த் தீவனத்தைப் பிரதானமாக்குங்கள். வைட்டமின் ஏ குறைந்தால் தோலின் தடுப்புச் சக்தி குறையும், பயோட்டின் குறைந்தால் உள்ளங்கால் தடித்து வெடிக்கும். சரியான தீவனத்தோடு பச்சைக் கீரை தின்னும் கோழிக்கு இந்தக் குறை அரிது.

கோழிகள் மேயும் இடத்தில் கம்பி வெட்டு, உடைந்த ஓடு, முள்வேலித் துண்டு கிடக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். கம்பிவலைத் தரையாக இருந்தால் அதன் மேல் ஒரு பகுதிக்காவது பலகை போடுங்கள்.

வாரம் ஒரு நாள், இருட்டிய பிறகு டார்ச்சோடு கூண்டுக்குள் போங்கள். கம்பில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு கோழியையும் லேசாகத் தூக்கி உள்ளங்காலைக் கட்டைவிரலால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் அடுத்த கோழி. மொழுமொழுவென்று பட்டால் அதன் காலில் ஒரு நிற வளையம் மாட்டிவிட்டு, மறுநாள் காலையில் முதல் வேலையாக அது இரவெல்லாம் அமர்ந்திருந்த கம்பைக் கழற்றிப் பாருங்கள்.